மூன்றாவது முழங்கால்

முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் முதலில் கேட்டது. பிறகுதான் விழுந்தேன். ஸ்காபரோவில் ஒரு பூங்கா, எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டி, நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. என்னை யாரும் தொடவில்லை. நானாகத்தான் திரும்பினேன். பாதம் புல்லில் நின்றுவிட்டது, மேலே இருந்த மனிதன் மட்டும் திரும்பிவிட்டான். வீட்டுக்கு வருவதற்குள் முழங்கால் பப்பாசிப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"நாப்பத்தொன்பது வயசில ஆருக்கு விளையாடிக் காட்டப் போனனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். பார்க்க வந்தவர்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள்.

முன் சிலுவை நார் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் இழுத்துப் பிடித்திருப்பது) முழுதாக அறுந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. என் வயதில் பலர் அறுவைச் சிகிச்சை இல்லாமலே சமாளிக்கிறார்கள் என்றார் வைத்தியர். பிறகு என்ன வேலை என்று கேட்டார். எலெக்ட்ரிசியன், நாள் முழுக்க ஏணி என்றேன். அப்படியானால் செய்துவிடுவோம் என்றார்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு துண்டு தசைநாண் எடுத்து (தசையை எலும்போடு இணைப்பது) உள்ளே பதித்தார்கள். அது உடலோடு சேர்ந்து உறுதியாக ஒன்பது மாதமாவது ஆகுமாம். "பிள்ளை பெறுற கணக்கு. இப்பவாவது விளங்கட்டும்," என்றாள் மனைவி.

வோபர்னில் ஒரு பிசியோ நிலையத்துக்கு (மூட்டையும் தசையையும் பயிற்சியால் மீட்டெடுக்கும் இடம்) வாரம் இருமுறை போனேன். எனக்குப் பயிற்சி தர வாய்த்தவர் தர்ஷி, இங்கேயே யூனியன்வில்லில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நான் படுத்திருக்கும் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில், திரைக்கு அந்தப்பக்கம், ஒரு வெள்ளைக்காரப் பெண். முகம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். தர்ஷி அவரிடம் ஏதோ மெதுவாகக் கேட்பார், உடனே "அய்" என்று வரும். மறுபடியும் கேட்பார், மறுபடியும் "அய்". ஐயோ என்று தொடங்கி முடிக்கத் தெம்பில்லாமல் நிற்பதாகவே எனக்குப் பட்டது.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தர்ஷியிடம் சொன்னேன்: "பிள்ளை, பக்கத்தில இருக்கிறவவுக்குக் கொஞ்சம் மெதுவாச் செய்யும். பாவம், ஐயோ எண்டு சொல்லக்கூட ஏலாமல் கிடக்கிறா."

தர்ஷி சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், அவ ஸ்காட்லண்ட். அய் எண்டா அவையின்ர யெஸ். எங்கட ஓம் மாதிரி. இன்னும் பத்துத் தரம் செய்வீங்களா எண்டு கேக்கிறன், ஓம் எண்டுறா. ஷீ நெவர் சேஸ் நோ."

என்ன பகிடி என்று கேட்டுத் திரையை விலக்கினார் அந்தப் பெண். அப்படித்தான் மோராக் எனக்குப் பழக்கமானார். அது அவருடைய உண்மைப் பெயரல்ல.

அவர் இந்த நகரத்து அணியொன்றின் நடுக்கள வீராங்கனை. சொந்த ஊர் ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே பெண்களுக்கு அணி கிடையாது. பன்னிரண்டு வயதுவரை ஆண் பிள்ளைகளோடு விளையாடினார், பிறகு கூடாது என்றுவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி அடுத்த நகரத்துக்குப் போய் விளையாடினார். நாட்டின் அணிக்குத் தெரிவான காலத்திலும் காலையில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் வேலைதான். இடது முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. இங்கே வந்த பிறகு வலதும் போனது. வயது முப்பத்துமூன்று.

அடித்த கோல்கள் எத்தனை என்று கேட்டேன். ஒரு கை விரல்களை விரித்துக் காட்டிவிட்டு, இரண்டு விரலை மடக்கிக்கொண்டார். பந்தை வாங்கி, நல்ல இடத்தில் நிற்பவருக்குக் கொடுப்பதுதான் தன் வேலை என்றார். நானும் ஒரு காலத்தில் நடுவில் ஆடியவன்தான். வாங்கிய பந்தை ஒருவருக்கும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அணியோடு அவருக்கிருந்த ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. மூன்று முறை முழங்கால் வெட்டப்பட்டவரை வேறு அணி எடுக்காது. கடைசி ஆட்டத்துக்கு முன் தேறினால் ஒருமுறையாவது களத்தில் இறங்கலாம். இல்லாவிட்டால் அவருடைய ஆட்டவாழ்வு புல்லில் விழுந்த அந்த நாளோடு முடிந்ததாகிவிடும்.

அதற்கு ஒற்றைக்கால் பாய்ச்சல் சோதனை உண்டு (வெட்டிய கால் பாயும் தூரம் நல்ல காலுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வரவேண்டும்). "எனக்கு எது நல்ல கால்?" என்று கேட்டுவிட்டு, தரையில் ஒட்டிய கோட்டிலிருந்து பாய்ந்தார். மூன்று முறையும் வலது கால் தோற்றது. தர்ஷி அளவு நாடாவைச் சுருட்டியபடி, இப்போது முடியாது என்றார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தார். பிறகு கட்டிலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, தொடைத்தசையை இறுக்கி விடும் பயிற்சியைத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் செய்யச் சொல்லும், நான் சின்னப்பிள்ளை வேலை என்று செய்யாமல் விட்ட பயிற்சி. நாட்டுக்காக ஆடியவர் அதை எண்ணி எண்ணிச் செய்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிள்ளை, வீட்டில ஒரு நாளைக்கு மூண்டு தரம் செய்யிறனான் எண்டு சொன்னது பொய்," என்றேன் தர்ஷியிடம்.

"தெரியும் அங்கிள். உங்கட கால் சொல்லிச்சுது."

இதே நார் அறுந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்தத் துவாயைச் சுருட்டுங்கள். நான் அன்றுதான் தொடங்கினேன்.

அடுத்த சோதனையில் மோராக் தேறினார். கடைசி ஆட்டத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். மேல் வரிசை இருக்கைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். முடிய பதினொரு நிமிடம் இருக்கும்போது அவரை இறக்கினார்கள். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் அப்போது சிற்றுண்டிக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் பந்தை வாங்கினார், கொடுத்தார், மறுபடி நல்ல இடத்தில் போய் நின்றார். அதை இவ்வளவு அழகாகச் செய்ய முடியும் என்று ஆடிய காலத்தில் எனக்குத் தெரியாது.

மைதானத்துக் கடிகாரத்தில் நிமிடங்கள் நகரவே இல்லை. பாதி நேரத்துக்கு மேல் அவருடைய வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பும்போதெல்லாம் என்னுடைய கால் இறுகியது. பிறகு எப்போதோ முழங்காலை மறந்து பந்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அவரைக் கிட்டப் பார்க்க வேண்டுமென்று கீழே வேலிவரை போனேன். திரும்பிப் பார்த்தால் மனைவி மேலேயே நின்றாள்.

"ஏன் வரேல்லை?"

"நீங்கள் படியில ஓடினனீங்கள்," என்றாள்.