அண்ணனைக் கொண்டுபோனது உலை அல்ல

அண்ணன் உயிர் பிரிந்த அன்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். மதினி, அவர்கள் மகள், மதினியின் தம்பி, அண்ணனோடு வேலை பார்த்த போர்மேன் அண்ணாச்சி, தங்கச்சி நான். இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்னதை ஐந்து பேரும் கேட்டோம்.

அண்ணன் பிறந்தது பெரியதாழையில். கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. நானும் அந்த வருஷம்தான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அண்ணன் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து, கிரேன் தூக்கும் சரக்குக்கு வடம் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். அணுமின் நிலையம் கட்ட ஆரம்பித்ததும் அங்கே போனார்கள். முதல் உலையிலிருந்து, இப்போது விரிவாக்கத்தில் எழும்பி நிற்கிற புது உலைகள் வரை, பெரிய பாகங்களைத் தூக்கி வைத்த கூட்டத்தில் அண்ணன் இருந்தார்கள்.

பாரத்தை ஒரு சுற்று தானே சுற்றிப் பார்க்காமல் கிரேனுக்குக் கை காட்ட மாட்டார்கள். "அண்ணாச்சி, நேரம் ஆகுது" என்று இன்ஜினியர் அவசரப்படுத்தினால், "ஆகட்டும் சார். கீழ நிக்கதெல்லாம் பிள்ளகுட்டிக்காரன்" என்பார்களாம். அவர்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் விரல்கூட நசுங்கியதில்லை.

உலை வேலைக்குப் போனதால் பெரியதாழையில் பாதிப் பேர் அண்ணனோடு பேசுவதில்லை. மீன்பாட்டைக் கெடுக்கிற உலைக்கு நம்ம கடலையே விற்றுத் தின்கிறான் என்றார்கள். அண்ணன் திருவிழாவுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

அண்ணன் வீட்டில்தான் நான் இருக்கிறேன். எனக்குப் பயம் விட்டதே இல்லை. ஓடுகிற உலையில் பழுது பார்க்கப் போகும்போது, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் ஒன்றை அண்ணன் நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். வெளியே வரும்போது அங்கேயே வைத்துவிட வேண்டும். ஒரு நாள் மறதியாக அதோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கழுத்தில் போடுகிற மாதா உத்தரியம் மாதிரி காப்பாற்றுகிற பொருள் என்று நினைத்து, நான் அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"ஏளா, இது காப்பாத்தாது. கணக்குத்தான் பாக்கும்" என்று மெழுகைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார்கள். மறுநாள் அவர்களுக்கு மெமோ.

சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது, "உலையில வெந்து போனியளே அண்ணே" என்று அழுதேன். அழுகையில் வாயில் வந்த சொல். கேட்டவர்கள் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். என் மருமகளுக்கு, அதாவது அண்ணன் மகளுக்கு, சம்பந்தம் பேசியிருந்த வீடு வரை அது போய்விட்டது. "அப்பாவுக்குக் கதிர் பட்டிருந்தா பிள்ளைக்கும் வருமே" என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். கல்யாணம் அப்படியே நிற்கிறது.

"ஏன் அத்தை, அழும்போதாவது யோசிச்சு அழக்கூடாதா?" என்றாள் மருமகள்.

போர்மேன் அண்ணாச்சி, பேட்ஜ் அளவுகள் எழுதிய தாள்களை வாங்கி வந்து மாதம் மாதமாக வாசித்துக் காட்டினார். ஒரு மாதமும் எல்லை தாண்டவில்லை. எனக்கு அந்த எண்கள் புரியாது. டாக்டர் முந்தின வருஷமே எச்சரித்தும் அண்ணன் பீடியை விடவில்லை என்பது தெரியும். அதை ஒளித்து வைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்கள், பெட்டிக்குத் தோள் கொடுத்த வேலைக்கூட்டத்தார், பேசாமல் இருந்தும் கல்லறையில் மண் போட வந்த பெரியதாழை ஊரார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்காகப் போடுகிற இந்த நினைவு மலர் சம்பந்த வீட்டாருக்கும் வரும். இன்னும் சந்தேகம் இருந்தால் பிள்ளையிடம் கேட்காதீர்கள். சொன்னவள் நான், என்னிடம் வந்து கேளுங்கள். எந்த நேரமும் வீட்டில்தான் இருப்பேன்.