கம்ப்யூட்டர் மிஸ்ஸை கெராவ் செய்தோம்

இரண்டாம் வகுப்பில் நாங்கள் கம்ப்யூட்டர் மிஸ்ஸைச் சுற்றி வளைத்து கெராவ் செய்தது தப்பு என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. இனியும் ஒப்புக்கொள்வதாக இல்லை. ஒரு பொருளை எதிரில் வைத்துக்கொண்டு, அதைத் தொடாதே, ஆனால் அது என்ன செய்யும் என்று எழுதிக் காட்டு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எங்கள் பள்ளிக்கூடம் வங்காளிகள் ஊரில், லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. உள்ளே பூப்போட்ட உறை மாட்டிய கம்ப்யூட்டர்கள் ஏ.சி. குளிரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெரிய வகுப்பு அக்காக்கள் வந்தால் உறை கழலும். எங்களுக்கோ மிஸ் கரும்பலகையில் மௌஸை வரைந்து, வாலெல்லாம் போட்டு, இதை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும் என்பார். எங்கே நகர்ந்தது? சாக்பீஸ் மௌஸ் வரைந்த இடத்திலேயே கிடந்தது.

கெராவ் நான் வீட்டில் கற்ற பாடம். அப்பா ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். பழைய யூனியன்காரர். ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாளில் லாரியை மறித்து, பெட்டியை இறக்க விடாமல் திருப்பியனுப்பிய கதையைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அலுக்காமல் சொல்வார். அதிகாரியை நடுவில் நிறுத்திக் கை கோத்து நிற்பது எப்படி, "சோல்பே நா", அதாவது நடக்காது, என்று வங்காளியில் இழுத்துக் கத்துவது எப்படி, எல்லாம் எனக்கு அத்துப்படி. "பொண் கொழந்தைக்கு நன்னா கத்துக்குடுக்கறேள் போங்கோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆகவே மிஸ் மறுபடியும் சாக்பீஸைக் கையில் எடுத்தபோது நான் எழுந்தேன். எல்லோரும் கை கோத்து மிஸ்ஸை வளைத்தோம். "போர்டு மௌஸ்" என்று நான் கத்த, "சோல்பே நா" என்று வகுப்பே திருப்பிக் கத்தியது. மிஸ்ஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெல் அடித்தும் நாங்கள் விடவில்லை என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

தலைமையாசிரியையான பெரிய மிஸ், அப்பாவின் ஆபீஸுக்கு போன் போட்டு அவரை வரவழைத்தார். அப்பா டிபன் டப்பாவோடும் ஒரு துணிப்பையோடும் வந்தார். ஆபீஸ் மேஜையில் அவர் வைத்திருக்கும் பிள்ளையார் படம் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"இவளுக்கு இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது?" என்று பெரிய மிஸ் வங்காளியில் கேட்டார்.

"நான்தான்" என்றார் அப்பா. பிறகு என்னிடம் தமிழில், "என்னடி வேணும் உங்களுக்கு?"

"கம்ப்யூட்டரைத் தொடணும்ப்பா."

அப்பா துணிப்பையைக் கீழே வைத்தார். பிறகு பெரிய மிஸ் பக்கம் திரும்பி, "தொட விடுங்கள் மேடம். நாங்கள் தொட மாட்டோம் என்று நின்றோம். இவள் தொட வேண்டும் என்று நிற்கிறாள்" என்றார். அந்தக் குரலில் கெஞ்சல் கொஞ்சமும் இல்லை.

உறை கழன்றது. மௌஸ் என் கைக்கு அடங்காமல் வழுக்கியது. அம்பு திரையின் மூலைக்கு ஓடி ஓடி ஒளிந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி என் பெயரை அடித்துவிட்டு, "அப்பா, நீயும் தொட்டுப் பாரேன்" என்று கூப்பிட்டேன். அவர் ஷூவைக் கழற்றியிருந்தார், ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நீ பண்ணுடி. நான் பாத்துண்டிருக்கேன்."

மறுநாள் அப்பா ஆபீஸ் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கம்ப்யூட்டர் வந்தாயிற்று, இனி இத்தனை ஆட்கள் வேண்டாம் என்று சொல்லி, கெராவ் நடந்த அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் கெராவ் ஜெயித்ததற்காகத்தான் அப்பாவுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். கீழ் வீட்டு வங்காளி மாமாவான காக்கு, அப்படியா என்பதுபோல் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "ஆமாம். ஜெயிச்சது இவதான்" என்றார்.