முதல் மீனும் என் சனி விரதமும்

மகள் யாழினி வேலை கிடைத்து ஹவாய்க்குப் போய் மூன்று வருடம். அங்கே கடலோரத்தில் பாழாய்க் கிடந்த பழைய மீன்குளம் ஒன்றை ஊர்ச்சனம் சேர்ந்து திருத்துகிறது. சனிக்கிழமைகளில் இவளும் போய்க் கல் சுமக்கிறாள். "அம்மா, முதல் மீன் பிடிக்கிற அண்டைக்கு நீங்கள் கட்டாயம் நிக்கோணும்" என்று போனில் ஒரே பிடி. லண்டன் டூட்டிங்கில் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிப்பதையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். விரதத்தை மட்டும் விடவில்லை.

ஹீத்ரோவிலிருந்து ஒரு விமானம் மாறி, இருபது மணித்தியாலம். எனக்குக் கால் வீங்கிவிட்டது. நடைபாதைப் பக்க இருக்கையாக எடுங்கள். ஹொனலூலுவிலிருந்து காரில் முக்கால் மணித்தியாலம். குளத்துக்குக் கட்டணம் இல்லை.

குளமென்றால் வெட்டின குளமல்ல. கடலை வளைத்துச் சீமெந்து இல்லாமல் அடுக்கிய கல் மதில். அதிலுள்ள மரச்சட்டக் கதவின் இடைவெளியால் குஞ்சுமீன் உள்ளே வரும், வளர்ந்தபின் வெளியே போக ஏலாது. வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கொடுத்தோம். முழங்கால் நோவோடு நானும் நின்றேன். பொறுப்பாக நின்ற பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரை ஆன்டி என்றார்கள், என்னையும் ஆன்டி என்றார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம்.

மத்தியானம் வலை போட்டு, பிடித்த மீனை இலையில் சுற்றிச் சுட்டார்கள். எல்லோரும் கைகோத்துப் பிரார்த்தித்தார்கள். பிறகு அந்த ஆன்டி முதல் துண்டை இலையோடு ஏந்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"தூரத்தில இருந்து வந்த ஆளுக்குத்தான் முதல் துண்டாம், அம்மா" என்றாள் யாழினி. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

எனக்கு மச்ச மணம் பட்டதும் விரதம்தான் நினைவில் வந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஏலாது என்று தலையாட்டினேன். அவர் கோபிக்கவில்லை; எனக்குப் பப்பாப்பழம் வெட்டித் தரச் சொன்னார். ஆனால் அந்த இலை மதிலில் அப்படியே இருந்தது. வேறு யாரும் அதைத் தொடவில்லை.

திரும்பி வந்து காரால் இறங்கியதும் வீட்டு வாசலில் வைத்து யாழினி கேட்டாள். "உங்களைச் சாப்பிடச் சொல்லி ஆர் கேட்டது? அது அவையின்ட பிரசாதம். கையில வாங்கியிருக்கலாம்தானே."

கோயிலில் யார் எதைத் தந்தாலும் கண்ணில் ஒற்றி வாங்குகிறவள் நான். அன்றைக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? அடுத்த சனியும் போனேன். ஆன்டி சிரித்தபடியே கல்லைத் தந்தார். ஆனால் முதல் மீன் ஒருமுறைதானே.

போகிறவர்கள் பழைய சப்பாத்து, கையுறை, தொப்பி கொண்டுபோங்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் வேலை, கேட்டுவிட்டுப் போங்கள். விரத நாளென்றாலும் நீட்டுவதை இரண்டு கையாலும் வாங்குங்கள். சாப்பிட, பக்கத்தில் உங்கள் பிள்ளை நிற்கும்.