சூடாகாத பெட்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு குரல் கொடுத்தாள். "தாராவியிலேர்ந்து போன் வந்தது. காதர் பாய் போயிட்டாராம். யாரு, உங்க ஆபீஸ்காரரா?" 'இல்லை மாமி, நானும் அவரும் சேர்ந்து நாலு வருஷம் ஊரை ஏமாற்றினோம்' என்று சொல்ல வாய்வரை வந்தது. தெரிந்தவர் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் தாராவியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். ஒருவர் பாயை எலக்ட்ரானிக்ஸ் மேதை என்றார். மேதையாம்! கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் மேலிருக்கும் வர்ணக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர், டிவி கேம் பெட்டியைத் தாராவிச் சந்துகளுக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வாங்கிய பெட்டி மூன்றே மாதத்தில் செத்துப்போக, அதைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் போட்டு, பாயின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவர்தான் அவர். நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடமும் கேட்டார்கள். எழுதுகிறேன். நல்லவையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் டிவி வீடுகளுக்குள் வரத் தொடங்கிய சமயம் அது. காதர் மொய்தீன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் பிளாஸ்டிக் டப்பா வார்க்கும் பட்டறை வைத்திருந்தார். வெளிநாட்டுச் சிப்பை வாங்கி அந்த டப்பாவுக்குள் பொருத்தி டிவி கேம் பெட்டியாக விற்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். செம்பூரில் நான் வேலை பார்த்த ரேடியோ கம்பெனி மூடி, மாட்டுங்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்தார். சிப்பின் கால்களை ஈயம் உருக்கிப் போர்டில் ஒட்டும் சால்டரிங் என் வேலை. கூடவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வருட கியாரண்டி அட்டை, அதில் என் கையெழுத்து. "எங் கையெழுத்த எவன் மதிப்பான் ஓய்? டிப்ளமா படிச்ச மாட்டுங்காக்காரர் கையெழுத்துன்னா ஒரு மருவாதி இருக்குல்லா" என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அந்த நாளில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் கையெழுத்தைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

முதலில் வந்த போர்டில் பெரிய சிப்புகள் மூன்று. ஒரு மணி நேரம் ஓடினால் டப்பாமேல் கை வைக்க முடியாது. மே மாதத்தில் டிவியில் ஓடும் கார் பாதி வழியில் கோடு கோடாகச் சிதறிவிடும். எண்பத்தாறு வாக்கில் புதுச் சிப்பு வந்தது. மூன்று சிப்பு செய்த வேலையை அது ஒன்றே செய்தது. சிப்புக்குள்ளே இருக்கும் கோடுகளை இன்னும் பொடியாக வரையக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதனால் எல்லாமே மாறிவிட்டது. கரண்ட் பாதிகூடத் தின்னவில்லை. சூடும் இல்லை. ஒட்டவேண்டிய கால்கள் குறைந்துபோனதால் விட்டுப்போகிற இடமும் குறைந்துபோனது. முதல் பெட்டியை இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், மண்பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது. இதற்குப் பத்து வருஷம்கூட எழுதித் தரலாம் என்று தோன்றியது.

வாங்க வந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நீங்கள்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தீர்கள். "ஹல்கா ஹை பாய்", கனமே இல்லை என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். ஓடவிட்டு மேலே உள்ளங்கையை வைத்தீர்கள். சூடு தெரியவில்லை என்றதும் இது டூப்ளிகேட் என்று முடிவுகட்டிவிட்டு, சூட்டிலேயே செத்துக்கொண்டிருந்த பழைய பெட்டியிலேயே இன்னொன்று கேட்டீர்கள். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு இப்படிப்பட்ட பாய்தான் வாய்ப்பார்.

பாய் முதலில் டப்பாவின் அடியில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துத் திருகினார். கனம் வந்துவிட்டது. பிறகு ஒருநாள், பீடித்துண்டு அளவில் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர்கள் ஒரு பை நிறைய வாங்கிவந்து என் முன்னால் கொட்டினார்.

"இதக் கரண்டுக்குக் குறுக்க வச்சு ஒட்டும் ஓய். சும்மா கெடந்து சூடாகட்டும்."

"என்ன பாய் சொல்றேள்? சிப்பு மிச்சம் பிடிக்கற கரண்டையெல்லாம் இது தின்னுடும். பக்கத்துல இருக்கற கண்டென்சர் காஞ்சே போயிடும், பெட்டி படுத்துடும்."

"சூடில்லாத மெஷினு செத்த மெஷினுவே. ஜனங்க கைய வச்சுப் பாத்துத்தான் நம்புவாங்க. நீரு ஒட்டும்."

ஒட்டினேன். அவர் என் கழுத்தில் கத்தி ஒன்றும் வைக்கவில்லை. எங்கோ யாரோ வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு குறைத்த சூட்டை, நான் தாராவியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு திரும்ப உள்ளே வைத்தேன். பெட்டிகள் பறந்தன. ஒவ்வொன்றோடும் என் கையெழுத்து போயிற்று.

அடுத்த மே மாதம் அவை திரும்பி வர ஆரம்பித்தன. சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் ஜுலைகா அக்கா என்று ஒருவர், தன் முன்னறையில் இரண்டு டிவியும் எங்கள் பெட்டி இரண்டும் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விளையாடவிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். லீவு நேரம், வாசலில் கூட்டம். இரண்டு பெட்டியும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. பஸ் பிடித்து வந்து, கியாரண்டி அட்டையை என்னிடம் நீட்டினார். "பாய நம்பியா வாங்குனேன்? ஒங்க கையெழுத்தப் பாத்துல்லா சார் வாங்குனேன்."

நான் வாயைத் திறக்குமுன் பாய் முந்திக்கொண்டார். "இது பொடிச் சிப்பும்மா. நம்ம வெயிலத் தாங்க மாட்டேங்கு. பழைய பெருசு மாதிரி வருமா? வேணும்னா சார்ட்டயே கேளு." ஜுலைகா அக்கா என் முகத்தைப் பார்த்தார். கண்டென்சர் உப்பி வெடித்திருந்த போர்டு என் கையில்தான் இருந்தது. அதை ஒட்டிப் பழுப்பேறிக் கிடந்தது நான் வைத்த ரெசிஸ்டர். "ஆமாம்மா, சிப்புதான் சரியில்லை" என்றேன். அவர் அட்டையை நாலாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். டிவிகளை விற்றுவிட்டு யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த மாதத்தோடு நான் பட்டறைக்குப் போவதை நிறுத்தினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

உங்கள் கூட்டம் முடிந்த மறுநாள் பாயின் தம்பி சாகுல் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். டிவிக்கு அடியில் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. "அண்ணன் வீட்டுக்குன்னு கொண்டாந்தது சார். இத்தன வருசத்துல ஒரு நாளு மக்கர் பண்ணல. நீங்க செஞ்சதுதான, எடுத்துக்கிடுங்க."

தூக்கினேன். லேசாக இருந்தது. ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். இரும்புத் தகடு இல்லை. ரெசிஸ்டர் இருந்த இடத்தில் கம்பி முனைகள் இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அதா? அண்ணந்தான் அன்னைக்கே கட்டர வச்சு நறுக்கிப் போட்டாக. இது ஊருக்குத்தாம்ல, வீட்டுக்கு எதுக்குன்னாக."

பாவி மனுஷர்! எல்லாம் தெரிந்திருக்கிறது. வர்ணக் கோடு புரியாதவருக்கு எது வெடிக்கும், எது நிற்கும் என்பது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதே சமயம் ஒன்று உறைத்தது. தெரிந்தே ஒட்டியவன் நான், தெரிந்தே ஓர் இடத்திலாவது வெட்டியவர் அவர். மேதை என்று கூப்பிடுகிற உங்களையும் அவரையும் இத்தனை நாள் இளப்பமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நம் மூன்று தரப்பில் கேவலமானவன் யார் என்பதில் இப்போது சந்தேகம் இல்லை.

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டேன், வீட்டுப் பிள்ளைகள் விளையாடட்டும். டப்பாவின் அடியில் செருகியிருந்த கியாரண்டி அட்டையை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன். அலமாரியில், என் டிப்ளமா சான்றிதழுக்கு மேலே வைத்திருக்கிறேன். நான் போட்ட அத்தனை கையெழுத்திலும் பொய்யாகாமல் நின்றது அது ஒன்றுதான். அதையும் மெய்யாக்கியவர் காதர் பாய்.