புது பிரேக்கும் தேங்காய் எண்ணெயும்

தொண்ணூற்று நான்காம் வருடம் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடையாறில் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தோம். என் மனைவிக்கு பெசன்ட் நகரில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர் வேலை. தினமும் சைக்கிளில்தான் போவாள். கல்லூரி நாட்களிலிருந்து அவள் ஓட்டிவந்த சைக்கிள் அது. பிறந்த வீட்டிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டு எடுத்துவந்த ஒரே பொருளும் அதுதான்.

எனக்கோ அவள் சைக்கிளை எடுத்தாலே பயம். பழைய காலத்துக் கம்பி பிரேக். கடகடவென்று சத்தம்தான் வரும், வண்டி நிற்காது. மழை பெய்துவிட்டால் சுத்தமாகப் பிடிக்காது. பஸ்ஸில் போ என்று நான் சொல்ல, பஸ்ஸில் நசுங்குவதற்கு சைக்கிளே தேவலை என்று அவள் சொல்ல, இதே பேச்சு வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் ஒயர் பிரேக் மாட்டித் தருவது. அதற்குப் பிறகும் அவள் ஒரே ஒரு தடவை விழுந்தால் சைக்கிளை விற்றுவிடுவது. சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஒயர் பிரேக் போடுவதென்றால் ஹேண்டில்பாரும் ரிம்மும்கூட மாற்றியாக வேண்டும் என்பது பிராட்வே கடையில் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரிம் கோக்கும் வேலையை மட்டும் தெருமுனை சைக்கிள் கடையில் கொடுத்தேன். பிரேக்கை நானே மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. மறுநாள் மாலை அவள் திரும்பி வந்து, தொட்டால் நிற்கிறது என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே ஆயுத பூஜை. சைக்கிளை நன்றாகக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாருக்கு மாலை போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடல் காற்றுக்குப் புது ரிம் துருப்பிடித்துவிடுமே என்று, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து இரண்டு ரிம்மிலும் பளபளவென்று தேய்த்துவைத்தேன். ஏதோ கோயில் தேரையே துடைத்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை.

மறுநாள் விஜயதசமி. எனக்கு லீவு. புதிதாகக் குழந்தைகளைச் சேர்க்கும் நாள் என்பதால் அவளுக்குப் பள்ளி இருந்தது. போன இரண்டு மணி நேரத்தில் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், எங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் என் மனைவி. முகவாயில் இரண்டு தையல், வலது மணிக்கட்டில் கட்டு. திருப்பத்தில் திடீரென்று எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கி மதில் சுவரில் மோதியிருக்கிறாள். குப்பத்திலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்த இந்த அம்மாதான் தூக்கி நிறுத்தி, டாக்டரிடம் கூட்டிப்போய், வீடு வரைக்கும் வந்திருக்கிறார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பயம் கோபமாக மாறிவிட்டது. அத்தனை நல்ல பிரேக் இருந்தும் எப்படி விழுந்தாய் என்று அவர் எதிரிலேயே கத்தினேன்.

"நான்தான் பராக்கு பார்த்துக்கிட்டே போயிட்டேன்" என்றாள் என் மனைவி.

அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி மெதுவாக அவர் கையைப் பிடித்தாள். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பேச்சு பேச்சுதான், சைக்கிளை விற்கப் போகிறேன் என்றேன். சரி என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாள். அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் தங்கைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வருவதாக இருந்தது. வருகிறவர் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டுமே என்று வாசலில் உட்கார்ந்து மறுபடியும் ரிம்முக்கு எண்ணெய் போட ஆரம்பித்தேன்.

அப்போது அந்த மீன்கார அம்மா வந்தார். தையல் பிரித்தாயிற்றா என்று விசாரித்துப்போக வந்தவர், என் கையிலிருந்த துணியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கூடையை இறக்கிவைத்து, ரிம்மில் ஒரு விரலை இழுத்து என்னிடம் காட்டினார்.

"இன்னா நைனா, மறுபடியும் எண்ணெயா? இதும்மேல பிரேக் கட்டை எப்படிப் புடிக்கும்? அன்னிக்கு வண்டியத் தூக்கசொல்லோ என் கையெல்லாம் எண்ணெய். உன் பொண்டாட்டிதான் வர்ற வழியிலயே அவர்கிட்ட சொல்லாதீங்கன்னு என் கையப் புடிச்சிகினு அழுதுச்சு."

துணியைக் கீழே போட்டேன். பிரேக் ரப்பர் பிடிக்கிற இடத்திலேயே எண்ணெயைப் பூசி, அதில் அவளை ஏற்றி அனுப்பியவன் நான். கத்தியவனும் நான். "உங்க எண்ணெயாலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சைக்கிள் அவளுக்கே இருந்திருக்கும். அதைச் சொல்லாமல், பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு சைக்கிளை விட்டுக்கொடுத்திருக்கிறாள். விழுந்த மறுநாளே, நான் ஆபீஸ் போன பிறகு, கட்டுப் போட்ட கையைத் தூக்கிவைத்துக்கொண்டு இடது கையாலேயே சோப்புப் பொடி போட்டு ரிம்மைக் கழுவியும் வைத்திருந்தாள் என்பது பின்னால் அவள் சொல்லித்தான் தெரிந்தது. அது தெரியாமல்தான் நான் மறுபடி பூசிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் மனைவி வந்து நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எனக்குப் பட்டது ஆறிடும். உங்க கையாலதான் ஆச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கு ஆறாது" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா முன்னால் அழுவதற்கு வெட்கப்படவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றைக்குச் செய்யாததையெல்லாம் செய்தோம். காபி குடித்துவிட்டு, இனிமேல் பொண்டாட்டி வண்டியில் கைவைக்காதே என்று என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போனார். நண்பருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன். ரிம்மைச் சுடுதண்ணீரில் மூன்று தடவை கழுவி, எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை எறிந்துவிட்டுப் புதிது மாட்டினோம். அவள் இன்னும் ஏழு வருடம் அந்த சைக்கிளை ஓட்டினாள்.

இப்போதும் வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்க நாக்கு துடிக்கும். அந்தப் பத்து நாள் அவள் வாயைத் திறக்காமல் இருந்தது நினைவுக்கு வரும், கேள்வியை அப்படியே விழுங்கிவிடுவேன்.