புதுக்கணக்கில் நான் எழுதாத முதல் வரி

திருத்தணியில் முதலாளியின் முகத்தில் பேனாவை விட்டெறிந்து வேலையை உதறிய ஒரே கணக்குப்பிள்ளை நான்தான்.

பொய். பேனா அவருடையது. எறிந்திருந்தால் முள் உடைந்து, அந்தக் காசையும் என் சம்பளத்தில் பிடித்திருப்பார். மூடி போட்டு, இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் அவருக்குத் தேங்காய் மண்டி. எழுபதுகளின் நடுவில், மலைக்குப் போகிற வழியிலிருந்த கடைக்காரர்களில் பாதிப்பேர் அங்கேதான் காய் எடுப்பார்கள். முதலாளியை எல்லாரும் நைனா என்போம். நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முடித்தேன் என்று சொன்னால் வாத்தியார் சண்டைக்கு வருவார். மண்டியில் காய் எண்ணத்தான் சேர்ந்தேன். பழைய கணக்குப்பிள்ளை காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், "எண்ணத் தெரிஞ்சவனுக்கு எழுதத் தெரியாதா? குந்துடா" என்று நைனா என்னை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தார். சம்பளம் ஏறவில்லை. சட்டைப்பையில் அவர் பேனா ஏறியது.

என் வியாதியே அதுதான். தெருவில் யாராவது 'கணக்குப்பிள்ளை' என்று கூப்பிட்டால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிடுவேன். இது ஊருக்கே தெரிந்துபோனது. டீக்கடை வாசலில் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

மண்டியில் ஒரு வண்டிமாடு இருந்தது. ஒரு கொம்பு வளைந்த வெள்ளை மாடு. மாதக் கடைசியில் செலவுகளை நான்தான் எழுதுவேன். 'மாட்டுத் தீவனம்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கணக்கு எழுதக் கூலி' என்று ஒரு வரி. நான் சேர்ந்த புதிதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு பிண்ணாக்கு விலை ஏறியது, தவிடு விலை ஏறியது. மாட்டுக்குத் தொண்ணூற்றைந்து ஆனபோது எனக்கு எண்பது. என் கையாலேயே மாட்டுக்குச் சம்பளம் உயர்த்தி எழுதிவிட்டு, அடுத்த வரியில் என் எண்பதைப் போட்டுக் கோடு கிழிப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நைனா, மாட்டுக்கு ஏறிகினே போவுது. எனக்கு மட்டும் ஏறலியே?"

"மாடு இல்லன்னா வண்டி ஓடாது. நீ இல்லன்னா இன்னாடா ஓடாது?"

"கணக்கு ஓடாதுங்க."

"கணக்கு எங்கடா ஓடப்போவுது? அது குந்திகினு தான கீது!"

காய் எண்ணுகிற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பதிலாக இருந்தால் எனக்கு எதிராகச் சொன்னாலும் சிரித்துவிடுவேன். அதனாலேயே பல பேர் என்னை ஏய்த்திருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னபோது என் பெண்சாதி சிரிக்கவில்லை. அவள் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். "எங்கூட்ல தறியில பொடவ நெய்ஞ்சி எறக்கினா கூலி. நீ பதினோரு வருசமா எழுதி எறக்கிகினே கீற, கூலியக் காணோம்" என்றாள். மலைப்படியில் கீழே ஒரு கிழவி காயும் கற்பூரமும் விற்றுக்கொண்டிருந்த இடம் காலியாகியிருந்தது. கிழவி அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்த இடத்தைப் பிடிக்கலாம், முதலுக்குத் தன் கொலுசை அடகு வைக்கலாம் என்றாள் பெண்சாதி.

வேண்டாம் என்றேன். இரண்டு பிள்ளைகள். எண்பதோ எழுபதோ, மாதம் பிறந்தால் வருகிற காசு. மூன்றாம் வகுப்புக்காரனை இன்னொருவன் மேஜைக்குப் பின்னால் உட்காரவைக்கப் போவதில்லை. இதெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்தது வேறு.

"கணக்குப்பிள்ள படியில குந்திகினு காய் விக்கிறான்னு பேசுவாங்கடி."

"பேசறவன் காய் வாங்கிகினு பேசட்டும்."

மண்டியில் சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு. நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, வெளியாள் ஒருவர் கொடுக்கிற ஒரு ரூபாயை முதல் வரவாக எழுதவேண்டும். எந்தக் கை முதல் வரி எழுதுகிறதோ அந்தக் கைதான் வருஷம் முழுக்க எழுதவேண்டும் என்பது நைனாவின் நம்பிக்கை. பழைய ஆள் நடுவருஷத்தில் செத்து, கை மாறிய மாதத்தில் ஒரு லோடு காய் அப்படியே அழுகிப்போனதாம். செத்தவரைக் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார்.

ஆக, முதல் வரி எழுதிவிட்டால் நான் ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போட்ட ஆள். எழுதுவதற்கு முன்னால் இருக்கிற அந்தக் கால் மணி நேரம் மட்டும் நான் மாட்டைவிடப் பெரியவன். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வருஷா வருஷம் எழுதி முடித்து, பூந்தி தின்று, கை கழுவும்போதுதான் எனக்குத் தைரியம் வரும்.

அந்த வருஷம் புதுக்கணக்கன்று காலையில் சட்டை எடுத்துக் கொடுக்கும்போது என் பெண்சாதி சொன்னாள்: "கேக்கறதுன்னா எழுதறதுக்கு முன்னாடி கேளு. எழுதிட்டு வந்து என்னாண்ட கேக்காத."

மண்டியில் ஜமக்காளம் விரித்திருந்தது. கடைக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். பூக்கட்டுகிற அக்கா ஒரு ரூபாயைத் தட்டில் வைத்தாள். நான் சுழி போட்டேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

"எழுதுடா, ராகுகாலம் வந்துடப்போவுது."

"எழுதறேனுங்க. சம்பளத்தச் சொல்லிட்டீங்கன்னா எழுதிடறேன்."

கடைக்காரர்கள் நைனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "எவ்ளோ வேணும்?"

"மாட்டுக்கு எவ்ளோவோ அவ்ளோ."

மூட்டை இறக்குகிற ஆள் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்: "மாட்டுக்கு மேல ஒரு ரூபா கேளு பிள்ளே! அதுக்கு எழுதத் தெரியாது!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெரிதாக எழுதத் தெரியாது என்பதை அந்த நேரத்தில் நான் வெளியிடவில்லை.

"அஞ்சு ரூபா சேத்துத் தரேன். எழுது" என்றார் நைனா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அஞ்சு ரூபாயே போதும் என்றிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஏறுகிறது. கை இறங்கிவிட்டது. பேனா முள் தாளைத் தொட்டு ஒரு புள்ளிகூட விழுந்தது. அப்போது நைனா கடைக்காரர்கள் பக்கம் திரும்பி, "போக்கிடம் இல்லாதவனுக்கு இதுவே ஜாஸ்தி, இல்ல?" என்றார்.

அவர் சும்மா இருந்திருந்தால் நான் இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

மூடியைப் போட்டேன். "வேற கை பாத்துக்குங்க நைனா" என்று நீட்டினேன். நெஞ்சை நிமிர்த்தி எழுந்தேன். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் ஒரு கால் மரத்துப்போயிருந்தது. நேராகப் போய்த் தேங்காய்க் குவியலில் விழுந்தேன். பூக்காரக்கா தூக்கிவிட்டாள். நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். திமிரில் அப்படி நடக்கிறேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, "எழுதல" என்றேன். அவள் கொலுசைக் கழற்றி என் கையில் வைத்தாள். இனி நான் பின்வாங்கவும் வழியில்லை.

வேறு ஆள் கிடைக்காமல் நைனாவே முதல் வரி எழுதினாராம். அந்த ஒரு ரூபாய் வரவைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டாராம். மூன்றாம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பதினோரு வருஷத்தில் அவர் என் தெருவுக்கே வந்ததில்லை.

"மாட்டுக்குக் குடுக்கறதயே குடுக்கறேன். வந்து சேரு. நான் எழுதின நோட்டக் கிழிச்சிட்டுப் புது நோட்டு போட்டுக்கலாம்."

'வரேன்' என்று வாய்வரை வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. அவள் காலில் கொலுசுச் சத்தமில்லை.

"நைனா, படியில எடம் புடிச்சிட்டேன். நானே உங்களாண்ட வரணும்னு இருந்தேன். நூறு காய் இன்னா வெல?"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், கோபித்துக்கொண்டு போவார் என்று பார்த்தேன். போகவில்லை. வியாபாரி அல்லவா? மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு விலை சொன்னார்.

"போன வாரம் நீங்க வாங்கின வெல எனக்குத் தெரியும் நைனா. எழுதினதே நான்தான். லாரி வாடகயும் தெரியும். எறக்குகூலியும் தெரியும்."

"டேய், அதெல்லாம் வெளிய சொல்லிகினு இருக்காத!"

"சொல்லலீங்க. சரியா ஒரு வெல போட்டுக் குடுங்க, நான் யாராண்டயும் வாயத் தொறக்கல."

வாசலில் நின்றபடியே விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு என் காதருகே குனிந்து, எந்தக் கடைக்காரனுக்கும் சொல்லாத ஒரு விலையை...

"யோவ்! எழுதினது போதும், எழுந்து வாய்யா! ஆந்திரா பஸ்ஸு ரெண்டு வந்து நிக்குது. அத்தினி பேரும் மொட்ட அடிக்க வந்தவங்க. காய் எடுத்துக் குடுக்க நான் ஒருத்தியா?"

போகிறேன். படிக்கடையிலிருந்து என் பெண்சாதி கூப்பிடுகிறாள்.