சதுரத் துளைத் திருவிழா

இந்த வாரம் ஓர் எந்திரத்தின் முன்னால் கைகட்டி நின்றேன். சிரிக்காதீர்கள்... நீங்களும் நின்றிருப்பீர்கள்.

முதலில் கதவைச் சொல்லிவிடுகிறேன். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசற்கதவின் அடிப்பகுதி மழையில் ஊறி உளுத்துவிட்டது. ரெட்டியார்பாளையத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஜபார் பாய் வந்து பார்த்தார். "இதை ஒட்டுப் போட்டு என்னா சார் பண்றது? புதுசா தேக்குல பண்ணிடலாம்" என்று சொல்லி, பழையதைக் கழற்றிக்கொண்டும் போய்விட்டார். வாசலில் இப்போது ஒரு பிளைவுட் பலகை சாய்ந்து நிற்கிறது. பூனையைத் தடுக்கும், காற்றடித்தால் விழும்.

வெள்ளிக்கிழமை காரைக்காலில் என் மைத்துனி மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது பெரியப்பா என்ற முறையில் நான் நின்றாக வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். இருபுறத்து வீட்டாரும் எங்கள் உறவினர்கள்தாம். அவர்களும் அதே வேனில் ஏறுகிறார்கள். கதவில்லாத வீட்டை எப்படிப் பூட்டுவது? ஆகவே திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன்.

பாயின் முகத்தில் என் கதவைப் பற்றிய கவலையின் சாயல்கூட இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார்போல் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வாங்க சார்! நல்ல நேரத்துல வந்தீங்க. மெஷின் வந்துடுச்சு!"

ஆளுயரம், பச்சை நிறம், இரும்புப் பீடம். கழுத்தில் மாலை, காலடியில் எலுமிச்சம்பழம். மாலையும் பழமும் தச்சர் ஏழுமலையின் கைங்கரியம். சுவிட்சைப் போடும்போது 'பிஸ்மில்லா' சொன்னது பாய். இரு தரப்பிலும் பாதுகாப்பு.

அது செய்யும் வேலை வியப்புக்குரியது, மறுக்கமாட்டேன். கதவுச் சட்டங்களை ஒன்றோடொன்று கோக்க, ஒன்றில் சதுரத் துளையிட்டு மற்றொன்றின் முனையை நாக்குபோல் செதுக்கிச் செருகுவார்கள். அந்தத் துளையை உளியும் கொட்டாப்புளியுமாகத் தட்டித் தட்டி எடுப்பதற்குள் தோள் கழன்றுவிடும். இந்த எந்திரத்திலோ உள்ளே கூடான ஒரு சதுர உளி. அதன் வயிற்றுக்குள் சுழலும் துரப்பணம். நெம்புகோலை இழுத்தால் மரம் சற்றே முனகுகிறது, சுருள் சுருளாகத் தூள் கொட்டுகிறது... சதுரம்! வட்டமாகச் சுற்றுகிற ஒன்று சதுரமாகத் துளைப்பதை முதன்முறை பார்ப்பவன் என்ன செய்வான்? இன்னொரு முறை இழுக்கச் சொல்வான்.

அங்கேதான் வினை தொடங்கிற்று.

நம் ஊரில் புதுப்பொருள் வந்தால் அதை வேலைக்குப் பழக்குவதில்லை, விழா எடுக்கிறோம். பட்டறைக்கு வந்தவர் அத்தனை பேருக்கும் அன்று தேநீரோடு ஒரு துளை. எனக்கு முன்னால் நின்றவர் பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறும் அந்துவான். நெம்புகோலை இழுத்துவிட்டு, "வுவாலா!" என்று, 'இதோ பாருங்கள்' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கையை விரித்தார். "பரீல இதெல்லாம் எப்பவோ வந்துடுச்சு பாய்." பாரிசை அவர் பரீ என்றுதான் சொல்வார்.

"அப்ப அங்க ஓட்டியிருக்கீங்களா முசியே?"

"நான் எங்க ஓட்டுனேன்? பார்த்திருக்கேன்."

அடுத்து என் முறை. இழுத்தேன். தேக்கு லேசாகக் கருகும் மணம்... பேனா பிடித்த கைக்கு அந்த மிடுக்கு புதிது. மூன்று துளை போட்டேன். என் கதவு எப்போது வரும் என்று கேட்கத்தான் வந்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகே நினைவுக்கு வந்தது.

"கதவு என்னா ஆச்சு?" என்றாள் மனைவி.

"மெஷின் வந்திருக்கு" என்றேன்.

அவள் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

வியாழன் மாலை மறுபடியும் போனேன். சட்டங்களைக் கோத்துக்கொண்டிருந்தார் ஏழுமலை. குறுக்குச்சட்டம் இடப்பக்கச் சட்டத்தில் வெண்ணெயாக இறங்கியது. வலப்பக்கம்... இறங்க மறுத்தது. வேறொரு சட்டத்தை எடுத்தார். அதுவும் மறுத்தது. இன்னொன்று. அதுவும்!

கதவின் இடச்சட்டம் வேறு, வலச்சட்டம் வேறு, செருப்பைப் போல. துளைகள் நடுவில் இராமல் ஒரு முகத்தை ஒட்டி விழும். ஆகவே இரண்டும் எதிரெதிராக அமைய வேண்டும். மேல்துளையும் கீழ்த்துளையும் வெவ்வேறு அளவில் விழுவதால் தலைகீழாகத் திருப்பியும் போட முடியாது. முன்பெல்லாம் ஏழுமலை இரண்டையும் ஜோடியாகப் படுக்கவைத்துக் கோடு போடுவார். இப்போது கோடு எதற்கு? எந்திரத்தை ஒரே அளவில் நிறுத்தி, விருந்தினர் இழுக்க இழுக்க ஒவ்வொரு சட்டமாக நீட்டியிருக்கிறார்.

"எல்லாம் லெஃப்ட்டாவே இருக்குதே! நீ செட்டிங் மாத்தலயா?" என்றார் பாய்.

"ஒரு தடவ வெச்சா தொடவே வேணாம்னு நீங்கதான பாய் சொன்னீங்க?"

"அதுக்கு? கண்ணால பாக்க மாட்டியா? தச்சன்தானே நீ?"

"இப்ப நான் ஆப்பரேட்டர் பாய்."

"இதுல என்னோட கதவு எது பாய்?" என்று நான் இடையே நுழைந்தேன்.

"திங்கக்கெழம நீங்க இழுத்தீங்களே, அதான் சார். சும்மாக் கட்டையில எதுக்கு ஓட்டணும்னு ஆர்டர் சட்டத்துலயே ஓட்டிட்டேன்." ஒரு சட்டத்தை எடுத்துத் தடவினார் பாய். "ஆனா ஒண்ணு பாருங்க... ஒரு நூல் பிசகல!"

உண்மைதான். பிசகவில்லை. அத்தனை கதவுகளும் ஒரே துல்லியத்தில் தவறாகியிருந்தன. கைத்தவறு ஒரு கதவோடு நின்றுவிடும். எந்திரத்தவறு பாகுபாடு பார்ப்பதில்லை. அதை எந்திரத்தின் குற்றம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாவம், அது சொன்னதைச் செய்தது. நெம்புகோலைப் பிடித்த எங்களில் ஒருவராவது, 'இது யாருடைய கதவு, எந்தப் பக்கம்?' என்று கேட்டோமா? என் வீட்டுக் கதவைக் கெடுக்க என்னையே வரிசையில் நிற்கவைத்தார்கள்; நானும் மகிழ்ச்சியோடு நின்றேன்!

வலச்சட்டத்துக்கு வேறு தேக்கு வாங்கி இழைத்தாக வேண்டும். "திங்கக்கெழம கண்டிப்பா சார்" என்கிறார் பாய்.

இன்று வெள்ளி. வேன் காலையிலேயே புறப்பட்டுவிட்டது. நான் வாசல் நிலைக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் கைப்பேசியில் ஒரு படம் வந்தது: தட்டு மாற்றுகிறார்கள். என் இடத்தில் என் மைத்துனர் நிற்கிறார். எனக்கென்று வாங்கிய பட்டு வேட்டி அவருக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

பின்னாலேயே மனைவியின் அழைப்பு. நாகசுரத்தையும் மீறிக் கணீரென்று கேட்டாள்:

"கதவு சாப்பிட்டுச்சா?"